அறுபதைக் கடந்தவரின் மூச்சுக்குழாயையும் அளந்து பாருங்கள்: ஒரு திறந்த மடல்

ஆஸ்துமா சிகிச்சைக்கான வழிகாட்டுதல்களை வகுக்கும் வல்லுநர் குழுக்களுக்கும், புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளை வடிவமைக்கும் அறிஞர்களுக்கும்,

வணக்கம்.

நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் தொழில்நுட்பர் நான். மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் கவ்வச் சொல்லி, 'நன்றாக இழுங்கள், இப்போது வேகமாக ஊதுங்கள், விடாமல் ஊதுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பதே என் அன்றாட வேலை. நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் என் பொறுப்பல்ல. ஆனாலும், அறுபதிலோ எழுபதிலோ முதன்முறையாக இரைப்பு வந்து, பல பெயர்களில் பல மருந்துகளைச் சாப்பிட்டு, மிகவும் பிந்தி எங்கள் கூடத்துக்கு வந்து சேரும் மனிதர்களைத் தொடர்ந்து பார்த்து வருவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான். முதிய வயதில் தொடங்கும் மூச்சிரைப்பை 'வயதாகிவிட்டது' என்றோ, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகிய சி.ஓ.பி.டி. என்றோ முடிவு கட்டுவதற்கு முன்பு, அவருடைய மூச்சுக்குழாயில் அழற்சி இருக்கிறதா, இருந்தால் அது எவ்வகை அழற்சி என்பதை அளந்து பார்ப்பதை முதற்படியாக உங்கள் வழிகாட்டுதல்களில் எழுதுங்கள். அந்த அளவீடுகள் முதியவர்களுக்கும் பொருந்தும்படி அமைய, அவர்களை உங்கள் ஆய்வுகளில் சேருங்கள்.

ஆஸ்துமா என்றதும் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது இன்ஹேலரோடு பள்ளிக்குப் போகும் குழந்தைதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26.2 கோடிப் பேர் ஆஸ்துமாவுடன் வாழ்ந்தார்கள்; அந்த ஓராண்டில் 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். குழந்தைகளிடம் இந்த நோய் பரவலாக இருந்தாலும், அதனால் ஏற்படும் இறப்பு விகிதம் 65 வயதைக் கடந்தவர்களிடமே மிக அதிகம் என்பதைப் பல நாடுகளின் பதிவுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். எனினும், இறப்பு எந்த வயதில் குவிகிறதோ அந்த வயதுக்கு வழிகாட்டுதல்களில் கிடைக்கும் இடம் இன்னும் ஒரு சிறு பகுதியாகவே இருக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபதை நெருங்கிய பெண்மணி. வாழ்நாளில் புகைபிடித்ததே இல்லை. 'புகைபிடிப்பவர்களுக்கு வரும் நோய்' என்று தனக்குச் சொல்லப்பட்டதாக வருத்தத்தோடு சொன்னார். மாடிப்படி ஏறுவதை நிறுத்தி நெடுங்காலமாயிற்று. வயதானால் இப்படித்தான் என்று அவரே முடிவு செய்திருந்தார். கையில் இருந்தது உடனடி நிவாரணம் தரும் நீலநிற இன்ஹேலர் மட்டும். முதல் ஊதலில் அவர் ஒரு நொடியில் வெளியேற்றிய காற்று 1.10 லிட்டர். ஸ்பேசர் வழியாக, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னபோது அது 1.38 லிட்டர். மூச்சுக்குழாய் அழற்சியின் அடையாளமாக மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்ஸைடு 62 பி.பி.பி., அதாவது நூறு கோடிப் பங்குக் காற்றில் 62 பங்கு. வயது வந்தவருக்கு 50-க்கு மேல் போனாலே அது உயர்ந்த அளவு.

அவர் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் உறையில் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள் அடுக்காக இருந்தன. எல்லாவற்றிலும் சர்க்கரை அளவைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். அதே தாள்களில், வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 8,000, அவற்றில் இவ்வகை அழற்சியில் பெருகும் ஈசினோஃபில் 9 சதவீதம் என்ற வரிகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 720 ஈசினோஃபில்கள். ஆஸ்துமா உள்ளவரிடம் 300 என்றாலே கவனிக்க வேண்டிய எண் என்று உங்கள் குழுக்களே எழுதியிருக்கின்றன. மணம் தெரிகிறதா என்று கேட்டேன். சில ஆண்டுகளாகவே தெரியவில்லை என்றார். அதற்கும் இரைப்புக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அவரிடம் எவரும் சொன்னதில்லை. மூக்கில் சதை வளர்ச்சி, மணம் உணராமை, ஈசினோஃபில் மிகுதி, நடுவயதுக்குப் பின் தொடங்கிய இரைப்பு: இந்த நான்கும் ஒன்றாக வரும் உருவத்தை மருத்துவ உலகம் நன்கறியும். அவருடைய கோப்பில் நான்கும் இருந்தன. சேர்த்துப் படிக்கச் சொல்லும் ஒரு வரிதான் எங்கும் இல்லை.

வயதான பின் வரும் ஆஸ்துமா, குழந்தைப் பருவத்து ஆஸ்துமாவிலிருந்து வேறுபட்டது என்பது புதிய செய்தியன்று. அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் ராக்கெமன், வெளிப்பொருள் ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவையும், ஒவ்வாமை எதுவும் புலப்படாமல் பிந்திய வயதில் 'உள்ளிருந்து' எழும் ஆஸ்துமாவையும் 1947-லேயே வகை பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகையினருக்குக் குடும்பத்தில் ஆஸ்துமா இருந்திருக்க வேண்டியதில்லை. தோலில் செய்யும் ஒவ்வாமைச் சோதனை ஒன்றும் காட்டாமல் போகலாம். ஆகவே, 'உங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லையே, இது ஆஸ்துமாவாக இருக்காது' என்று சொல்லப்படும்போது, ஒவ்வாமை இல்லாமையே நோய் இல்லாமைக்குச் சான்றாகிவிடுகிறது. இது தவறான முடிவு. காரணத்தைக் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் நன்றாக விளக்கிவிட்டன. மூச்சுக்குழாயின் உட்படலம் வைரஸாலோ புகையாலோ மாசாலோ காயப்படும்போது, அப்படலத்தின் செல்களே டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33 போன்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன. அவை, ஒவ்வாமை எதிர்ப்பொருள் எதற்கும் காத்திராமல் செயல்படக்கூடிய ஐ.எல்.சி.2 என்னும் பிறவிக் காப்புச் செல்களைத் தூண்டுகின்றன. அச்செல்கள் இன்டர்லூக்கின்-5-ஐயும் 13-ஐயும் சுரக்க, முன்னது ஈசினோஃபில்களைத் திரட்டுகிறது. பின்னது சளியை மிகுவித்து, குழாயைச் சுருக்கும் தன்மையை வளர்த்து, நைட்ரிக் ஆக்ஸைடையும் உயர்த்துகிறது. மகரந்தமும் தூசிப்பூச்சியும் இல்லாமலேயே முழு அழற்சியும் நடந்தேறுகிறது.

எல்லா முதியவரிடமும் இதுவே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் சிக்கல் தொடங்குவதே இங்குதான். வயது ஏற ஏற உடல் முழுவதும் மெல்லிய, தொடர்ந்த அழற்சிநிலை ஒன்று உருவாகிறது என்று இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் குழுவினரும் 2000-இல் எடுத்துரைத்தார்கள். நோயில்லாத முதியவரின் சளியில்கூட, மற்றொரு வகை வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களின் பங்கு இளையவரைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆக, எழுபது வயதுள்ள ஆஸ்துமா நோயாளியின் சளியில் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருந்தால், அது நோயா, வயதா, நாட்பட்ட கிருமித்தொற்றா, உடற்பருமனா, அல்லது அவர் சாப்பிடும் ஸ்டீராய்டின் விளைவா என்று பிரித்தறிவது எளிதன்று. ஸ்டீராய்டு ஈசினோஃபில்களை விரைந்து மடியச் செய்யும். நியூட்ரோஃபில்களையோ நீண்ட நேரம் உயிரோடு வைத்திருக்கும். இத்தனை குழப்பம் உள்ள இடத்தில், இளைஞர்களிடம் அளந்து எடுத்த எல்லை எண்களை அப்படியே எழுபது வயதுக்காரர்மீது சுமத்துவது நியாயமா? நலமாக உள்ள முதியவர்களின் சளியிலும் மூச்சுக்காற்றிலும் இயல்பான அளவு எவ்வளவு என்பதை, ஐந்தைந்து ஆண்டு வயதுத் தொகுதிகளாக அளந்து வெளியிடும் பெருமுயற்சி ஒன்று வேண்டும். அதைச் செய்யும் ஆற்றல் தனி மருத்துவருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

அடுத்து, நான் ஒவ்வொரு நாளும் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் ஒரு விகிதத்தைப் பற்றி. ஒரு நொடியில் ஊதிய காற்றை, முழு மூச்சில் ஊதிய மொத்தக் காற்றால் வகுத்து வரும் எண் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. வயது ஏறும்போது நுரையீரலின் மீள்தன்மை தளர்வதால், நலமாக உள்ளவரிடமும் இவ்விகிதம் தானே இறங்குகிறது. எழுபதைக் கடந்த பலருக்கு 0.70-க்குச் சற்றுக் கீழே இருப்பது இயல்பே. 3 முதல் 95 வயது வரை பொருந்தும் உலகளாவிய ஒப்பீட்டுச் சமன்பாடுகள் 2012-லேயே வெளிவந்துவிட்டன. வயதுக்கேற்ற கீழ் எல்லையைக் கருவியே கணக்கிட்டுத் தந்துவிடும். இருந்தும் நிலையான எண்ணே பல இடங்களில் ஆள்கிறது. அதன் விளைவாக, முதியவரின் காகிதத்தில் 'சி.ஓ.பி.டி.' என்ற சொல் மிக எளிதில் ஏறிவிடுகிறது.

பெயர் மாறினால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு பெரிது. சி.ஓ.பி.டி. என்று பெயர் பெற்றவருக்கு முதலில் தரப்படுவது பெரும்பாலும் மூச்சுக்குழாயை விரிக்கும் நீண்டநேர மருந்துகள். இழுக்கும் ஸ்டீராய்டு பின்னர்தான், அதுவும் சிலருக்குத்தான். ஆஸ்துமாவிலோ வரிசை இதற்கு நேர்மாறானது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இல்லாமல் நீண்டநேர விரிப்பானைத் தனியே தருவது ஆபத்தானது என்பதை சால்மெட்டரால் மருந்தைப் பற்றி 2006-இல் வெளியான பெரிய ஆய்வு உலகுக்கு உணர்த்தியது. குறுகியநேர விரிப்பானை மட்டுமே நம்பியிருக்கும் சிகிச்சையையும் வயது வந்தோருக்கு இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலகளாவிய ஆஸ்துமா முயற்சி அமைப்பான கினா 2019-இல் அறிவித்தது. அழற்சியோடு வாழும் முதியவர் ஒருவர் தவறான பெயரைப் பெற்ற ஒரே காரணத்தால், இவ்விரண்டு எச்சரிக்கைகளின் பாதுகாப்புக்கும் வெளியே நிற்கிறார். விரிப்பான் அவருக்குச் சிறிது நேரம் இதம் தரும். அடியில் படலம் தடிப்பதும், சளி அடைப்பான்கள் குழாய்களை மூடுவதும், மீளாத குறுக்கம் நிலைபெறுவதும் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

அறிகுறிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், மெத்தகோலின் கொடுத்து மூச்சுக்குழாயைச் சுருக்கியபோது, இளையோரைவிட முதியோர் அந்த இறுக்கத்தைக் குறைவாகவே உணர்ந்தார்கள். எங்கள் கூடத்திலும் இதைக் காண்கிறேன்: திரையில் வளைவு குழிந்து கீழே இறங்கியிருக்கும், எதிரே இருப்பவர் 'எனக்கு ஒன்றும் சிரமமில்லை' என்பார். மாடி ஏறுவதையும் வேகமாக நடப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டவருக்குச் சிரமம் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், வேலை தடைப்பட்டதா என்று கேட்கும் கேள்வித்தாள்கள், ஏற்கெனவே வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டவரிடம் 'கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்ற விடையையே பெற்றுவரும். ஆஸ்துமா நோயாளிகளைக் கூறுகளின்படி குழுக்களாகப் பிரித்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பிந்தித் தொடங்கி, அறிகுறி குறைவாகவும் ஈசினோஃபில் அழற்சி மிகுந்தும் உள்ள ஒரு குழுவைத் தனியே இனங்கண்டது. 2010-இல் வந்த மற்றோர் ஆய்வு, பிந்திய வயதில் நோய் தொடங்கிய, உடல் எடை மிகுந்த பெண்களை வேறொரு குழுவாகக் காட்டியது. அவர்களுக்கோ அறிகுறியும் மாத்திரை ஸ்டீராய்டின் தேவையும் அதிகம், ஒவ்வாமை குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் இரு சாராரும் வயதான, மூச்சிரைக்கும் மனிதர்கள்தாம். உள்ளே நடப்பது வேறு. தர வேண்டிய மருந்தும் வேறு.

அழற்சியை அளந்து சிகிச்சை செய்வதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைத்தும் நெடுநாள் ஆகிவிட்டது. 2002-இல் 74 நோயாளிகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், ஒரு பாதியினருக்கு வழக்கமான வழிகாட்டுதல்படியும், மறு பாதியினருக்குச் சளியின் ஈசினோஃபில் அளவைப் பார்த்தும் மருந்து கூட்டிக் குறைக்கப்பட்டது. வழக்கமான முறையில் கடுமையான நோயேற்றம், அதாவது நோய் திடீரென முற்றும் நிலை, 109 முறை வந்தது. அளந்து பார்த்த குழுவில் 35 முறை மட்டும். சராசரியாகத் தரப்பட்ட ஸ்டீராய்டின் அளவிலோ இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. கூடுதல் மருந்து இல்லாமல், தேவையானவருக்குத் தேவையான அளவு போய்ச் சேர்ந்ததாலேயே இந்த மாற்றம் நேர்ந்தது.

உயிரியல் மருந்துகளின் வரலாறும் இதையே சொல்கிறது. இன்டர்லூக்கின்-5-ஐத் தடுக்கும் மெபோலிசுமேப் மருந்தை அழற்சி வகையைப் பாராமல் கொடுத்துப் பார்த்த தொடக்க ஆய்வுகள் ஏமாற்றம் அளித்தன. 2007-இல் வெளியான பெரிய ஆய்வும் குறிப்பிடத்தக்க பயனைக் காட்டவில்லை. 2009-இல், ஈசினோஃபில் மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்திய இரு சிறிய ஆய்வுகளில் அதே மருந்து நோயேற்றங்களைத் தெளிவாகக் குறைத்தது. 2015-இல் அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பென்ராலிசுமேப் 2017-லும், டூபிலுமேப் ஆஸ்துமாவுக்கு 2018-லும், டி.எஸ்.எல்.பி.யையே தடுக்கும் டெசெபெலுமேப் 2021-லும் அதைத் தொடர்ந்து வந்தன. அளந்ததால்தான் இந்த மருந்துகள் பிழைத்தன. பிந்திய வயதில் தொடங்கும் ஈசினோஃபில் ஆஸ்துமா உள்ளவர்களே இவற்றால் மிகவும் பயனடையக் கூடியவர்கள் என்பதை எண்ணும்போது, அந்த வயதினரிடம் அளக்காமலே இருந்துவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும்.

ஆய்வுகளை வடிவமைப்போரிடம் இப்போது நேரடியாகப் பேசுகிறேன். 2007-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, வழிகாட்டுதல்களுக்கு அடிப்படையாக அமைந்த மருந்தாய்வுகளின் சேர்க்கை விதிகளை எடுத்துக்கொண்டு, சமூகத்தில் உண்மையாக ஆஸ்துமாவோடு வாழ்பவர்களில் எத்தனை பேர் அவ்விதிகளுக்குள் அடங்குவார்கள் என்று பார்த்தது. இடைநிலை மதிப்பு 4 சதவீதம். வயது, முன்பு புகைபிடித்த வரலாறு, உடன் உள்ள நோய்கள், விரிப்பானுக்குப் பின் போதிய முன்னேற்றம் காட்டாமை என்று வரிசையாக எழும் வேலிகளில் முதியவர் ஏதாவது ஒன்றிலேனும் தடுக்கப்பட்டுவிடுகிறார். அண்மைய பெரும் ஆய்வுகளில் சில 75, 80 வயது வரை இடமளித்திருப்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், அவர்களுக்கு மட்டும் தனியே விளைவு என்ன என்பதும் தெரிய வேண்டும். மருந்து ஒழுங்குமுறைகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச மாமன்றம் 1993-இல் வெளியிட்ட இ7 வழிகாட்டுதல், வயதை மட்டும் காரணமாகக் காட்டி முதியவர்களை விலக்க நல்ல அடிப்படை இல்லை என்கிறது; முதியோரிடமும் காணப்படும் நோய்களுக்கான மருந்தாய்வுகளில் 65 வயதானவர்களையும் அதற்கு மேற்பட்டவர்களையும் குறைந்தது 100 பேரேனும் சேர்க்குமாறு சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய இந்த விதியை ஆஸ்துமா ஆய்வுகளில் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள் என்பதற்கு மேல் நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

அளக்காமல் விடுவதற்கான விலையை முதியவரின் எலும்பும் கண்ணும் சர்க்கரையும் கொடுக்கின்றன. நோயேற்றம் வரும்போதெல்லாம் மாத்திரை ஸ்டீராய்டு ஐந்து முதல் ஏழு நாள். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்றால் ஒரு சுற்றுக்கு 200 முதல் 280 மில்லிகிராம். நான்கைந்து சுற்றுகளில் ஒரு கிராமை எட்டிவிடும். வாழ்நாள் கூட்டளவு அரை கிராமிலிருந்தே எலும்புத் தேய்மானம், நீரிழிவு, கண்புரை முதலியவற்றின் வாய்ப்பு உயர்வதாக 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. இளைஞனுக்கு இது எதிர்காலக் கவலை. ஏற்கெனவே எலும்பு மெலிந்த எழுபது வயதுப் பெண்ணுக்கு, அடுத்த முறை தடுக்கி விழும்போது இடுப்பு எலும்பு தாங்குமா என்ற கேள்வி.

அவர் எடுத்துக்கொள்ளும் பிற மருந்துகளையும் அழற்சியோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்பதைக் கண்ணுக்குச் சொட்டு விடும் எவர்தான் எதிர்பார்ப்பார்? மூட்டு வலிக்கு ஐபுபுரோஃபென், இதயத்துக்கு ஆஸ்பிரின். மூக்குச் சதையோடு கூடிய ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இவை கடுமையான தாக்குதலைத் தூண்டும். கால் மரத்துப்போதலும் மிக உயர்ந்த ஈசினோஃபில் அளவும் சேர்ந்தால், இரத்தக் குழாய்களையே தாக்கும் அழற்சி நோய் ஒன்றைத் தேட வேண்டும். வயதானவரை ஆராயும்போது இவற்றைக் கேட்குமாறு நினைவூட்டும் ஒரு பக்கம் வழிகாட்டுதலில் இருந்தால் போதும், பல விபத்துகள் தவிரும். இன்ஹேலரைப் பற்றியும் ஒரு சொல்: மூட்டுவாதம் பிடித்த விரலால் அழுத்த முடியாமலும், தூள் மருந்தை இழுக்கும் அளவு மூச்சு வேகம் இல்லாமலும் இருப்பவரிடம் மருந்து பயன் தரவில்லை என்று முடிவு செய்வதற்கு முன், அது குழாய்க்குள் போனதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

முதியவர்களால் இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாது என்ற கருத்தைப் பல இடங்களில் கேட்கிறேன். என் அனுபவம் அதை மறுக்கிறது. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து, நடுவில் இளைப்பாற விட்டு, பல்செட்டைக் கழற்றாமல் உதடு மூடிக் கவ்வச் சொன்னால், மிகப் பெரும்பாலோர் ஏற்கத்தக்க வளைவைத் தருகிறார்கள். நைட்ரிக் ஆக்ஸைடு அளவீட்டுக்கு வேகமும் வேண்டாம். பத்து விநாடி சீராக ஊதினால் போதும். அதற்கான கருவி இல்லாத இடங்களில்கூட, வேறு காரணத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் எண் ஏற்கெனவே இருக்கிறது. அதன் குறைகளும் தெரிந்தவையே: ஸ்டீராய்டு மாத்திரை அதை விழுத்தாட்டும், குடற்புழு அதை உயர்த்தும், நாளின் நேரத்துக்கேற்ப அது ஏறி இறங்கும், புகைபிடித்தல் நைட்ரிக் ஆக்ஸைடைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் ஒரே முறை குறைவாக வந்த எண்ணை வைத்து அழற்சி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்றும், பழைய தாள்களில் உள்ள மிக உயர்ந்த எண்ணையும் தேடிப் பார்க்க வேண்டும் என்றும் வெளிப்படையாக எழுதுங்கள். பிரிட்டனில் 2024 நவம்பரில் வெளியான கூட்டு வழிகாட்டுதல், வயது வந்தோரிடம் ஆஸ்துமாவை உறுதிசெய்ய இரத்த ஈசினோஃபிலையோ நைட்ரிக் ஆக்ஸைடையோ முதலில் அளக்கச் சொல்கிறது. செய்யக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே, உங்கள் அடுத்த திருத்தப் பதிப்பில் முதியோருக்கான பகுதியை விரித்து எழுதும்போது, கடுமையான ஆஸ்துமா என்று தெரிந்த பின்பே அழற்சி வகையைத் தேடும் இப்போதைய வரிசையை இவர்களுக்கு மட்டுமாவது மாற்றி, 60 வயதுக்கு மேல் புதிதாக இரைப்போ விடாத இருமலோ வந்தவரிடம் நோயின் பெயரை எழுதுவதற்கு முன்பே அளக்கச் சொல்லுங்கள். நிலையான 0.70-க்குப் பதிலாக வயதுக்கேற்ற கீழ் எல்லையைக் கட்டாயமாக்குங்கள். சி.ஓ.பி.டி. என்று ஏற்கெனவே பெயர் பெற்ற, ஆனால் புகைபிடித்திராத முதியவர்களின் கோப்புகளை மீண்டும் திறந்து பார்க்குமாறு மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்துங்கள். ஆய்வுகளை நடத்துவோர், 65 முதல் 74 வரையிலும் 75-க்கு மேலும் உள்ளவர்களின் விளைவுகளைத் தனித்தனி அட்டவணையாக வெளியிடட்டும். உங்கள் குழுக்களில் முதியோர் மருத்துவர் ஒருவருக்கும், பிந்திய வயதில் ஆஸ்துமா வந்த நோயாளி ஒருவருக்கும் இருக்கை தாருங்கள். திருத்த வரைவு பொதுக் கருத்துக்கு வைக்கப்படும்போது, என்னைப் போன்ற பரிசோதனைக் கூடப் பணியாளர்களிடமும் கருத்துக் கேளுங்கள். எங்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

மதிப்புடன்,
நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக் கூடத் தொழில்நுட்பர் ஒருவர்